மலைக்காரியின் ரத்தம்

பெரு நாட்டு மலையுச்சியில் இருக்கிற எங்கள் அனானேயாவில் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டால், தகரம் சுமக்க வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்து மாப்பிள்ளைமார்தான். தகரத்தோடு சேர்த்துப் பெண்வீட்டாரின் கேலியையும் சுமக்க வேண்டும், பதிலுக்கு வாயைத் திறக்கக் கூடாது. என் புருஷன் உயிரோடு இருந்தவரை அவரும் சுமந்தவர்தான். என் தங்கை ஒனொராட்டா வீட்டுக் கூரைக்கு என் மருமகன் ரென்சோ வந்து நின்றால் நான் சும்மா விடுவேனா?

ரென்சோ கடற்கரைக்காரன். கீழே இலோவில் மீன் பிடிக்கிறவன். என் ஒரே மகள் நியெவெஸ் போயும் போயும் அவனைக் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கிப் போனாளே என்ற எரிச்சல் எனக்கு ஆறவே இல்லை. அன்றைக்கு இரண்டு தகரம் ஏற்றுவதற்குள் அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்ன மாப்ள, ஏணி எங்கயாவது ஓடிப்போயிடும்னு புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று கத்தினேன். முற்றமே சிரித்தது.

"கொஞ்சம் மூச்சு வாங்குது அத்தை."

"வாங்காம என்ன செய்யும்? உங்க உடம்புல ஓடறது கடல் தண்ணி. என் மூஞ்சியப் பாருங்க. இதுக்குப் பேருதான் ரத்தம்!"

ஊரிலேயே சிவந்த முகம் என்னுடையது. கன்னம் பீட்ரூட் நிறம். சில வருஷங்களாக உதடும் அதே நிறத்துக்கு வந்திருந்தது. ரத்தம் கூடினால் பலம் கூடியதாக அர்த்தம் என்றுதான் நானும் நினைத்தேன், ஊரும் நினைத்தது. தலைவலி மண்டையைப் பிளக்கும். காதுக்குள் வண்டு குடையும். படுத்தால் உள்ளங்கால் எரியும், தூக்கம் கிட்டவே வராது. அதைப் பற்றியெல்லாம் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கோகா இலையை மென்றுகொண்டு, ஆட்டு ரத்தத்தை வெங்காயம் போட்டு வறுத்துத் தின்பேன். இன்னும் கொஞ்சம் ரத்தம் ஊறினால் சரியாகிவிடும் என்று அப்படி ஒரு நம்பிக்கை!

மூன்றாவது தகரத்தைக் கீழே போட்டுவிட்டு ரென்சோ வாந்தி எடுத்தான். நியெவெஸ் பதறிப்போய் சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்து வந்தாள். அந்தப் பெண் அவனைப் போர்வையில் படுக்க வைத்து, விரலில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டினாள். எழுபத்தொன்பது என்று காட்டியது.

"ரத்தத்துல காத்து கம்மியாத்தான் இருக்கு. புதுசா மேல வந்தவங்களுக்கு இப்படித்தான் காட்டும். இன்னைக்குத் தகரத்தைத் தொடாதீங்க" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் நாக்கு விட்டால்தானே? "இந்தாம்மா, அதை எனக்கும் மாட்டு. மலைக்காரிக்கு எவ்ளோ காட்டும்னு கடற்கரைக்காரரு கண்ணால பாக்கட்டும்" என்று நடு முற்றத்தில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். நர்ஸ் மாட்டினாள், பார்த்தாள். கழற்றி என் விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். எட்டிப் பார்த்த பக்கத்துவீட்டுக்காரன், "அறுபத்தெட்டு!" என்று ஏலம் போடுகிறவன் மாதிரி கத்தினான்.

"மெஷின் கோளாறு" என்றேன்.

நர்ஸ் அதைக் கழற்றி ஒனொராட்டாவின் விரலில் மாட்டினாள். எண்பத்தாறு.

யாருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "அத்தை, இப்படி உக்காருங்க" என்று ரென்சோ தன் போர்வையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தான் பாருங்கள், அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

நர்ஸ் அனுப்பிவைத்த ஜூலியாக்கா நகரத்து ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் கறுப்பாக, வெல்லப்பாகு போல ஊசியில் ஏறியது. டாக்டர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டாக்டர், நான் மேலயே பொறந்து வளந்தவ. பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அங்கதான். இந்த நோவு கீழேருந்து வர்றவங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு வர்றது வேறம்மா. உங்க சனங்க ஆயிரக்கணக்கான வருஷமா அந்த ஒசரத்துல இருந்து இருந்து, உடம்பு அதுக்கு ஏத்த மாதிரி மாறிப்போச்சு. அது வம்சத்துல இறங்கி வருது. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்காது. உங்க தங்கச்சிக்கு நல்லா இறங்கியிருக்கு, உங்களுக்கு இல்ல. காத்து பத்தல, காத்து பத்தலன்னு உங்க உடம்பு ரத்தமா உண்டாக்கிக் கெட்டியாக்கி வச்சிருக்கு. எவ்வளவு நாளைக்கு இதயம் இதைத் தள்ளும்?"

"மருந்து?"

"கீழ போய் இருக்கறதுதான். இல்லேன்னா இதயம் நின்னுடும். கீழ உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

சோதனைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் அவள் மலைக்காரி, நான் யார்? செத்தாலும் மேலேயே சாகிறேன் என்று வீம்பாக வீட்டுக்குத் திரும்பினேன். நியெவெஸ் தினமும் போனில் அழுதாள். "உங்க ஊட்டுல வந்து கை நனைக்கிறதுக்கு நான் குழியில போய்ப் படுத்துக்கறேன்டி" என்று வைத்துவிடுவேன். கடைசியில் ஒரு நாள் சந்தையில் நான் நடத்திவந்த சூப் கடையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தேன்.

அழைத்துப் போக வந்தவன் ரென்சோ. மலை தன்னை என்ன செய்யும் என்று தெரிந்தும் ஏறி வந்திருந்தான். முகம் வெளுத்து, மூச்சு இரைக்க, என் மூட்டையை ஒரு தோளிலும் என்னை மறு தோளிலும் தாங்கிக்கொண்டு பஸ்வரைக்கும் நடத்திப் போனான். சந்தை முழுக்க வேடிக்கை பார்த்தது. முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இலோவில் முதல் ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். எத்தனையோ வருஷமாக அப்படித் தூங்கியதில்லை. காலையில் தலைவலி இல்லை, காதில் வண்டு இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ, பிறந்த வீட்டுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. நியெவெஸ் "நல்லா தூங்கினியாம்மா?" என்று கேட்டதற்கு, இல்லை என்று எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒனொராட்டா போன் செய்தாள். நான் அப்போதுதான் இரண்டாவது தட்டு வறுத்த மீனில் கை வைத்திருந்தேன்.

"அக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சந்தையில எல்லாரும் நிக்கிறாங்க. எப்படி இருக்கே?"

"என்னத்தச் சொல்ல! புழுக்கம் ஆளக் கொல்லுது. மூச்சே விட முடியல. இந்த மீன் நாத்தம் வேற கொடலப் புரட்டுது, ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. இதுவும் ஒரு ஊருன்னு..." என்று அளந்துகொண்டே நிமிர்ந்தேன். ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் ரென்சோ. எவ்வளவு நேரமாக நின்றானோ! மீன் முள் இன்னும் என் விரலிடுக்கில் இருந்தது.

"அக்கா? அக்கா, கேக்குதா?"

அவன் வலையை இறக்கிவிட்டு வந்து போனை வாங்கினான். தொலைந்தேன், இன்றைக்குச் சந்தையே கேட்கப் போகிறது என்று நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டேன்.

"சின்னத்தை, நான் ரென்சோ. ஆமா, அத்தைக்கு இங்க ஒத்துக்கவே இல்ல. ரொம்பக் கஷ்டப்படறாங்க. எங்களுக்காகத்தான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

போனைத் துடைத்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தான்.

"இன்னொரு மீன் வைக்கட்டுமா அத்தை?"

"வைங்க மாப்ள" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.