ஏழாம் எண் தகவலாளி

இப்போதெல்லாம் ஆளை எதிரே நிற்க வைத்துக்கொண்டே அவனைப் புத்தகத்தில் தேடுகிறார்கள். என்ன பிழைப்போ! அக்பெக்கோவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. வோல்டா ஆறு கடலில் சேரும் பக்கத்து உப்பங்கழியில் உப்பு வாரியே வெடித்துப்போன கால்கள் அவருடையவை. அந்தக் கால்களைப் பார்த்தால் தெரியாதா, எந்தக் கரை யாருடையது என்று?

மாவட்ட அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கரை முழுவதும் ஒரு கம்பெனிக்குப் போகிறது. கரையின் ஒரு துண்டில் தலைமுறை தலைமுறையாக உப்பு வாருகிற குடும்பம் இன்னது என்று, கம்பெனி வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவைப்பார்கள். அப்படி எழுதப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: மூன்று வருடத்துக்கு முன் எசினாம் என்ற பெண் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு.

குமாஸ்தா பக்கத்தைப் புரட்டினார். "கிழக்குக் கரை, ஒத்தைத் தென்னையிலருந்து படகுத்துறை வரைக்கும், நாலு தலைமுறையா ஒரே குடும்பம். இருக்கு. ஆனா அடிக்குறிப்புல, தகவலாளி ஏழு, பேர் மறைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"அந்த ஏழு நான்தான்யா."

"காலையிலருந்து ரெண்டு ஏழு வந்துட்டுப் போயிடுச்சு, டோக்பே." பெரியவர்களை அழைக்கும் சொல்தான். குரலில்தான் மரியாதை இல்லை.

பக்கத்துத் துண்டுக்காரன் க்ளுட்சே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான். அதே ஆய்வேட்டில் அவன் பெயர் முழுசாக அச்சில் இருந்தது; அவன் துண்டு தப்பிவிட்டது. "அன்னிக்கே சொன்னேன்ல, பேரைக் குடுன்னு? போலீஸ் வரும், வரி போடுவான்னு அலறுனியே!"

குமாஸ்தாவின் போனில் எசினாமைப் பிடித்தார்கள்.

"அம்மா, அது நான்தான்னு இவங்ககிட்ட சொல்லு."

"நீங்கதான் டோக்பே. ஆனா பேரை மறைக்கச் சொல்லி நீங்கதானே கைநாட்டு வெச்சீங்க? குடுத்த வாக்குப்படி பேர்ப்பட்டியலைக் கொளுத்திட்டேன். பதிவு பண்ணுன உங்க குரலையும் அழிச்சாச்சு. எங்க விதி அது."

"இப்ப நான் சொல்றேன், மறைக்க வேணாம். போடு பேரை."

"இன்னிக்கே ஒரு கடிதம் எழுதித் தர்றேன்."

குமாஸ்தா தலையை ஆட்டினார். "கம்பெனி வந்தப்புறம் எழுதுன கடுதாசி செல்லாதும்மா."

மறுமுனையில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் சொன்னது உண்மை. நான்தான் பொய். அப்படித்தானே?"

"சொன்னதை ஒத்துக்கிட்டோம், டோக்பே. சொன்னது யாருன்னுதான் தெரியலை," என்ற குமாஸ்தா, 'கிழக்குக் கரை, உரிமையாளர் தெரியவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அக்பெக்கோ முத்திரையைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். தப்பு உன்னுடையது என்று சண்டை போட அங்கே ஆளே இல்லை.

"இனிமேலாவது யாரு கேட்டாலும் பேரைச் சொல்லு," என்றான் க்ளுட்சே.

"போடா. நாளைக்குக் கம்பெனிக்காரன் உன்னையும் துரத்த வருவான். வீடு தேடி அலையவே வேணாம், அச்சுலயே இருக்கே உன் பேரு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தார்.