அரை டம்ளர் எண்ணெய்

எங்கள் படகின் மோட்டார் இரண்டாவது தடவையாக நடு ஆற்றில் நின்றபோது உள்ளே பதினோரு பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம், முதல் பாடம் கணக்கு. வேறொரு படகு வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனது. கரையில் படகுத்துறை அதிகாரி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"மோட்டாரைச் சரிபண்ணுங்க. சனிக்கிழமை நானே ஏறிப் பார்ப்பேன். அன்னிக்கும் நின்னுச்சுன்னா, பிள்ளைங்களை இனிமே உங்க படகுல ஏத்த மாட்டேன்" என்றார்.

அன்று திங்கட்கிழமை. அக்கரைப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. அது போனால் படகைக் கவிழ்த்துப் போட்டு, நானும் அண்ணனும் அதன்மேல் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். விடப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

படகை ஓட்டுவது அண்ணன். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது நான். துறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'மெதுவாத்தான்'. யார் அவசரப்படுத்தினாலும் அவர் வாயில் வரும் ஒரே சொல் அது. பள்ளி மணி அடித்தாலும் சரி, வானம் கறுத்தாலும் சரி, வேகக் கைப்பிடியைப் பாதிக்குமேல் திருக மாட்டார்.

மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவள் என்னோடு படித்தவள்; வாய் கொஞ்சம் நீளம். மோட்டாரின் தலைப்பகுதியைத் திறந்ததும் சிரித்தாள்.

"என்னடி இது, மோட்டாரா அடுப்பா?"

பிஸ்டன்மேல் கரி தகடாகப் படிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வளையங்கள் கரியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. பிளக் கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது.

"எப்பவும் மெதுவாவே ஓட்டினா பெட்ரோல்ல கலக்குற எண்ணெய் முழுசா எரியாது. எரியாததெல்லாம் இப்படிக் கரியாகும். தினமும் கொஞ்ச நேரமாவது முழு வேகத்துல ஓட்டணும்" என்றவள், விரலில் கரியைத் தேய்த்துப் பார்த்தாள். "ஆனா இவ்வளவு கரிக்கு அது மட்டும் காரணமில்ல. எண்ணெய் அதிகமாப் போகுது. இருபது லிட்டர் பெட்ரோலுக்கு நானூறு மில்லிதானே கலக்கச் சொன்னேன்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அளந்துதான் ஊத்துவேன். அதுக்கு மேல ஒரு அரை டம்ளர். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"பழைய மோட்டார் மாதிரி இதுவும் எண்ணெய் இல்லாம இறுகிப் போச்சுன்னா? அன்னிக்குப் படகுல நீயும் இருந்தியே."

இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளத்தில் அந்த மோட்டார் இறுகிப்போய், எங்கள் படகு ஒரு மணி நேரம் திக்குத் தெரியாமல் போனது. அதைத்தான் சொன்னார். நான் இளகவில்லை. "பாசத்தைக் காட்ட மோட்டார்தான் கிடைச்சுதா? இப்ப பிள்ளைங்க போகப்போகுது, பிழைப்பும் போகப்போகுது!" என்று கடை அதிரக் கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. தினமும் காலையில் அவர் டீ குடிக்கப் போகும் நேரத்தில், நானும் அதே டாங்கில் ஒரு அரை டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளத்தில் அவர் மோட்டார் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நழுவிப்போனதை நான் கண்ணால் பார்த்தவள். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது. நானும் ஊற்றியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் கிழியத் திட்டிவிட்டு எப்படி இறங்கி வருவது? சொல்லவில்லை.

வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. பிஸ்டனில் கீறல் விழாதபடி பிளாஸ்டிக் துண்டால் சுரண்டினோம். மூன்று நாள் என் நகக்கண்ணில் கரி போகவில்லை. புது வளையமும் புது பிளக்கும் போட்டோம். எண்ணெய் டப்பாவை அலமாரியில் பூட்டி, சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கலக்கும்போது அவள் வந்து திறப்பாள். அண்ணன் முகம் சுருங்கியது. அந்தப் பூட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வெறும் படகில் வேகம் பழகினோம். "திருகு, இன்னும் திருகு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து உயிரை எடுத்தேன். முக்கால்வரை வந்தார்.

சனிக்கிழமை அதிகாரி ஏறினார். அக்கரைக்கு வழக்கமான வேகத்தில் போனோம். திரும்பும்போது, "முழு வேகம்" என்றார். அண்ணனின் விரல்கள் வெளுத்தன. கண்ணை மூடித் திறந்து, கைப்பிடியைக் கடைசிவரை திருகினார். படகின் மூக்கு தூக்கியது. மோட்டார் ஒரு முறைகூடத் திக்காமல் எங்களைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது.

அதிகாரி காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"மோட்டார் சரி. ஏன் நின்னுச்சுன்னு எழுதணும். ஓட்டுனவர் எண்ணெயை அதிகமா ஊத்தினதுதான்னு மெக்கானிக் சொன்னாங்க. பிள்ளைங்க உங்க படகுலயே வரட்டும். ஆனா ஓட்டுறதுக்கு வேற ஆளைப் போடுங்க."

"ஆமா சார், என் தப்புதான்" என்றார் அண்ணன்.

நான் அதிகாரியின் பேனாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"இல்ல சார். நானும் ஊத்தினேன். அவர் ஊத்துறது தெரியாம, தினமும், அதே அளவு. அவருக்குத் தெரியாது. பாதி என் பேர்ல எழுதுங்க."

அண்ணன் மெல்லத் திரும்பினார். "நீயுமா?"

"ஆமா."

"அஞ்சு நாளா என்னை அந்தத் திட்டு திட்டினியே!"

"திட்டினேன்."

"எதுக்கு ஊத்தின?"

"உன் தோளுக்காக."

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? பேசிக்கவே மாட்டீங்களா?" என்றவர், எழுதியதை அடித்துவிட்டார். "இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு அளங்க. அவரே ஓட்டட்டும். திங்கட்கிழமை பிள்ளைங்க வருவாங்க."

அவர் போன பிறகு, படகைக் கட்டுமிடத்துக்குக் கொண்டுபோக அண்ணன் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"தோள் இன்னும் வலிக்குது" என்றார். இரண்டு வருடமாக, கேட்டபோதெல்லாம் இல்லை என்று சொல்லிவந்தவர்.

"தள்ளி உட்காரு" என்று சொல்லிக் கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன்.