அம்மா கண்ணை மூடினால்

ஐந்தாவது சுற்றில்தான் கடைசிப் பித்தானைப் போட முடிந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மகள் ஓடிக்கொண்டிருந்தாள். மனைவி ஒரே இடத்தில் நின்றபடி, மகள் தன்னைக் கடக்கும்போதெல்லாம் கையை நீட்டி ஒரு பித்தானைத் துளைக்குள் தள்ளினாள். அதே மேசையில் அச்சுப் படிகளை விரித்துவைத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தான் அவன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தாள் பறந்தது.

“ஒரு எடத்துல நிக்க வச்சுப் போட்டா என்ன?”

“வாங்க, நீங்க நிக்க வச்சுப் போடுங்க. நீங்க முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டுரும்.”

அவன் தலையை நிமிர்த்தாமல் சிரித்தான்.

“கமா காணாமப் போனா உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். புள்ள காணாமப் போனாத்தான் தெரியாது,” என்றாள். ஆறு வயது மகளை அவள் வண்டு என்றுதான் கூப்பிடுவாள். “வா வண்டு, பறப்போம்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில், பதினொரு மணிக்கு, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்கப்போனவள் தலை வலிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு மணிக்கு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கூடத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். நடுவில் கட்டில் போட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி பதினொரு மணிக்கு வரும். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வண்டு உட்கார்ந்திருந்தாள்.

மனைவியின் அக்கா, அவன் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒற்றை விரலைக் காட்டி உட்காரவைக்கிறவர். முந்தின நாள் மருத்துவமனை வராந்தாவிலேயே சொல்லிவிட்டார்: “தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இவள உங்களால ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியாது. எங்கூட இருக்கட்டும்.”

எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். குழந்தையின் துணிகள் ஒரு பையில் திணிக்கப்பட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருந்தன. எல்லாம் முடிந்ததும் அண்ணியின் காரில் அது ஏறும், வண்டும் ஏறுவாள். மறுத்துப் பேச அவனிடம் என்ன இருந்தது? பள்ளியிலிருந்து புகார் வந்தால் போய் நின்றவள் மனைவி. டாக்டரிடம் அழைத்துப்போனவளும் அவளே. எந்தப் பக்கம் படுத்தால் வண்டுக்குத் தூக்கம் வரும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

“பாத்தீங்களா, எவ்வளவு சமத்தா இருக்கா,” என்று அண்ணி காதருகே சொன்னார். “காலைல எழுந்ததும் பக்குவமா எடுத்துச் சொன்னேன். ரெண்டரை மணி நேரமாச்சு. எடத்தை விட்டு எந்திரிக்கல. கண்டிப்பா ஒருத்தர் இருந்தா புள்ள தானா அடங்கும்.”

“ஆமா, நேத்து வரைக்கும் கூரையைப் பிய்க்காத குறை,” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

இரண்டரை மணி நேரம். தூக்கத்தில்கூடப் போர்வையை உதைத்துத் தள்ளுகிற பிள்ளை. அவன் முதல்முறையாக அவளைச் சரியாகப் பார்த்தான். இரண்டு கால்களையும் நாற்காலியின் கால்களில் பின்னி இறுக்கியிருந்தாள். கைகள் தொடைகளுக்கு அடியில். இடது முழங்கால் மட்டும் தையல் இயந்திரம் போல நடுங்கியது. இமைக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

அவன் அவள் அருகே குந்தி உட்கார்ந்தான்.

“வண்டு, பாத்ரூம் போலாம் வா.”

உதடுகள் மட்டும் அசைந்தன. “அசையக் கூடாது.”

“யாரு சொன்னா?”

“அம்மா கண்ணை மூடிட்டா. பெரியம்மா சொன்னாங்க.”

சாயங்காலங்களில் மனைவி வாசல் கேட்டில் நின்று, “நான் பாக்குற வரைக்கும் ஓடு,” என்பாள். வண்டு ஓடுவாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவாள். எதிரே வாகனம் வந்தால் கத்திப் பயனில்லை, கத்தலை அந்தப் பிள்ளையின் காது வாங்காது. மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். அம்மா கண்ணை மூடினால் எங்கே இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். கண்ணைத் திறக்கும்வரை அசையக் கூடாது. வாகனம் போய்விட்டதா என்று ஓரக்கண்ணால் மனைவி பார்ப்பதை அவன் ஜன்னல் வழியாக ஓரிரு தடவை கவனித்துச் சிரித்திருக்கிறான். பிறகு தாளுக்குத் திரும்பியிருக்கிறான்.

“எப்பவும் பத்து எண்ணுறதுக்குள்ள தெறந்துருவாப்பா. நான் நூறு வரைக்கும் எண்ணிட்டேன். திரும்பத் திரும்ப எண்ணிட்டேன்.”

“இனிமே தெறக்க மாட்டாம்மா.”

“செத்துட்டாளா?”

“ஆமா.”

அவள் அதை யோசித்தாள். முழங்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“அப்ப நான் எப்ப ஓடுறது?”

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“நான் பாக்குறேன். நீ ஓடு,” என்றான்.

“நீ பாக்க மாட்ட. பேப்பரைத்தான் பாப்ப.”

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பிறகு அவளுடைய கால்களை ஒவ்வொன்றாக நாற்காலியிலிருந்து பிரித்தெடுத்துத் தூக்கினான். பலகை மாதிரி இருந்தாள்.

“தம்பி, சும்மா இருக்கிற புள்ளையக் கெளப்பி விடாதீங்க,” என்றார் அண்ணி. “இத்தனை பேரு இருக்காங்க.”

“சும்மா இல்ல அண்ணி அவ.”

கழுவி, பையிலிருந்து ஒரு கவுனை உருவி மாட்டிவிட்டு, கேட்டுக்குத் தூக்கிவந்தான். வாசலில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். “ஓடு,” என்றான். இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றாள். அப்புறம் இரண்டாவது விளக்குக் கம்பம்வரை ஓடி, அதைத் தொட்டுவிட்டு வந்தாள்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“எந்தக் கையால தொட்டேன்?”

அந்த நேரத்தில் அவன் வாசலில் நின்றவர்களின் முகங்களைத்தான் பார்த்திருந்தான். “வலது கை,” என்றான்.

வண்டு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டின் கம்பிமேல் சாய்ந்து, மறுபடி அசையாமல் நின்றாள்.

“இன்னொரு தடவை ஓடு. இந்தத் தடவை நான் பாக்கலைன்னா பெரியம்மாவோட போயிரு.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு ஓடினாள்.

அவள் மூன்றாவது கம்பத்தைத் தாண்டியபோது வண்டி வந்து அவனுக்கு இடப்பக்கம் நின்றது. பதினொரு மணி ஆகியிருக்கவில்லை. மனைவியின் தம்பி வேகமாக வெளியே வந்தான்.

“மாமா, தூக்கப் போறாங்க. கடைசியா ஒரு தடவை வந்து பாத்துருங்க.”

“ஒரு நிமிஷம் மாப்ள.”

“மாமா, எல்லாரும் நிக்கிறாங்க.”

“நீ பாரு. நான் வரல.”

நான்காவது கம்பத்தில் வண்டு திரும்பிப் பார்த்தாள். அவன் கையை உயர்த்தினான். அவள் மேலும் ஓடினாள்.

பின்னால் செருப்புகள் உரசின. அழுகை ஒரேயடியாகப் பெரிதாகி வாசலுக்கு வந்தது. “படி இருக்கு, பாத்து, மெதுவா,” என்று ஒரு குரல். ஸ்ட்ரெச்சரின் இரும்பு விளிம்பு அவன் முழங்கையில் இடித்துக்கொண்டு கடந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஐந்தாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வண்டு அவன் கண்களையே பார்த்து நின்றாள். அவனுக்குப் பின்னால் போவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

“பாக்கத் தெம்பில்ல, பாவம்,” என்றார் யாரோ ஒருவர்.

வண்டியின் கதவு ஒரு தடவை சரியாக மூடவில்லை. இரண்டாவது தடவை மூடியது. அது பின்பக்கமாக நகர்ந்து, பெரிய சாலையை நோக்கிப் போகும் சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மற்ற வண்டிகள் கிளம்பின. அவனை ஏற்றிப்போக மனைவியின் தம்பி தன் பைக்கில் காத்திருந்தான்.

துணிப்பையோடு அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். அழுதழுது அவர் குரல் கட்டியிருந்தது.

“எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க தம்பி?”

“தெரியல அண்ணி.”

வண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

“எந்தக் கை?”

“ரெண்டு கையும். மூக்கால வேற ஒரு தடவை.”

அவள் பெரியம்மாவை ஒருமுறை பார்த்தாள். மூக்கைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். மறுபடி ஓடினாள், முன்னைவிட வேகமாக. அண்ணி அவள் போவதைப் பார்த்துக்கொண்டே பையைக் கேட்டுக்கு உள்பக்கம் தரையில் வைத்தார்.

அந்தத் தெருவில் மொத்தம் ஏழு விளக்குக் கம்பங்கள். ஏழாவதைத் தாண்டியதும் தெரு வலப்பக்கம் வளைகிறது. கேட்டில் நின்றால் அதுவரைக்கும் தெரியும்.