சாத்துக்குடித் தோல்

அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது; தொல்லையே அதுதான். வற்றித் தொலைந்திருந்தால் செங்கோட்டையன் மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். ஓடைக்கு மேற்கே சாயப்பட்டறைகள் வந்த பிறகு, பனியன் துணிக்கு என்ன நிறமோ அதே நிறம் கிணற்றிலும் ஊறியது. போன வருடம் பசு அந்தத் தண்ணீரைக் குடித்து, கன்று செத்தே பிறந்தது. இப்போது மறுபடியும் சினை. தொழுவத்தில் மிச்சம் அது ஒன்றுதான்.

சோதித்துச் சொல்கிறோம் என்று பாட்டிலில் தண்ணீர் மொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். பதில் சொல்ல ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதனால் அனுசுயா வந்து நின்றபோதும் அவர் நம்பவில்லை. காலேஜில் படிக்கிற பெண். அப்பன் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். ஜூஸ் கடைகளில் வீசுகிற சாத்துக்குடித் தோலைக் காயவைத்து, நொறுக்கி, நீல டிரம்மில் நிரப்பினாள். மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அடிக்குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். காரீயம், குரோமியம் எல்லாம் தோலிலேயே ஒட்டிக்கொள்ளுமாம்.

"உப்புப் போவுமா?"

"உப்புப் போகாது தாத்தா."

"அப்பறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"ஏனுங்க, புள்ளைகிட்ட எதுக்கு எரிஞ்சு விழறீங்க? மாடு குடிக்கறதுக்குத்தானுங்களே" என்றாள் மனைவி தெய்வாத்தாள்.

கன்றை நினைத்துத்தான் அவர் ஒப்புக்கொண்டார். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் மனுசருக்கே காணாது. வாரத்துக்கு ஒருமுறை பழைய தோலை வழித்தெடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். எடுத்ததைச் சாக்கில் கட்டிவைக்கச் சொல்லியிருந்தாள். ஏனென்று அவள் சொல்லவில்லையோ, இவர்தான் காதில் வாங்கவில்லையோ.

பொங்கல் கழிந்து ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"தாத்தா, காரீயம் நல்லாக் கொறஞ்சிருச்சு! அந்தச் சாக்க எடுங்க, அதையும் லேபுக்குக் கொண்டுபோகணும்."

"எந்தச் சாக்கு?"

"டிரம்முல வழிச்ச தோலு."

"மாட்டுக்குப் போட்டுட்டனே."

"வெளையாடாதீங்க தாத்தா."

"உன்னோட எனக்கென்ன வெளையாட்டு? நல்ல பழத்தோலு. தவுட்டுல பெசஞ்சு வெச்சா நக்கி நக்கித் திங்குது."

அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "தண்ணில இருந்து போனதெல்லாம் அந்தத் தோலுக்குள்ளதான தாத்தா இருக்கு!"

செங்கோட்டையன் மாட்டுத் தொட்டியில் ஒட்டியிருந்த தோலை விரலால் வழித்தெடுத்தார்.

"அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கன்னு சொன்னனா இல்லீங்களா?" என்றாள் தெய்வாத்தாள். "ஒரு மனுசரையும் நம்ப மாட்டீங்க. குப்பைய நம்புவீங்க."

அவர் அனுசுயாவிடம், "கன்னுக்கு என்ன ஆவும் கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியல தாத்தா. மாட்டு டாக்டரக் கூட்டிட்டு வாரேன். அவருக்கும் தெரியுமான்னு தெரியல."

"தெரியலைன்னு சொன்ன மொத ஆளு நீதான். வந்தவனெல்லாம் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லீட்டுத்தான் போனான்."

தெய்வாத்தாள் அன்று காலையில் வழித்த ஈரத்தோலைக் கூடையோடு தூக்கினாள். "இந்தச் சனியனக் குப்பைக்குழியில கொட்டட்டுங்களா?"

"வேணாம்மா. மழை பேஞ்சா திரும்பக் கிணத்துக்கே போயிரும்."

"அப்ப எங்கதான் கொண்டுபோயிக் கொட்டறது?"

அனுசுயா கூடையை வாங்கிச் சாக்கில் கவிழ்த்து, மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனாள்.

பசு கத்தியது. அதற்குத் தீனி நேரம். செங்கோட்டையன் வெறும் தவிட்டைக் கரைத்து வைத்தார். அது மூக்கை விட்டுத் துழாவியது; தோல் இல்லை என்றதும் தலையை உதறி அவரை ஒரு முட்டு முட்டியது.

"உனக்கும் நாந்தான் ஆகாதவனா" என்றார்.

அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு உதை. நம்பலாமா என்று தெரியவில்லை. கையை எடுக்கவும் மனசு வரவில்லை.