நாகமுத்துவுக்கு வந்த அழைப்பு

ராஜினாமாக் கடிதத்தை எட்டு மாதங்களுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். மலாயில், ஒரே பக்கத்தில், மரியாதை குறையாமல். தேதி போட வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு, என் அலமாரி லாச்சியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். துவைத்த துணிகளை மடித்து வைக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இருக்கும். லாச்சியை மூடிவிடுவேன்.

செங் என்ற ஊரில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்களாக நான் ஸ்டோர் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. அங்கே யாரும் என்னைக் கடுமையாக நடத்தியதில்லை. சூப்பர்வைசர் திவாகர் என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையானவர். கேன்டீனில் என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குகிறார்கள். கெட்ட இடமாக இருந்திருந்தால் என்றைக்கோ கிளம்பியிருப்பேன். நல்ல இடத்தை விட்டுப் போவதற்கு என்ன காரணம் சொல்வது?

எனக்குக் காரணம் கோவிலில்தான் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். "ராகினி, பி-நாற்பத்தேழு" என்றேன். அது ஸ்டோரில் திருகாணிகள் இருக்கும் தட்டின் எண். ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு நட்சத்திரம் இல்லையே அம்மா என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. என் நட்சத்திரம் ரோகிணி. அது நினைவுக்கு வர எனக்கு அரை நிமிடம் ஆகியிருந்தது. அன்று மாலையே கடிதத்தை எழுதினேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். மறைக்க இடமில்லாத சின்ன வீடு. ஆனாலும் மறைத்தேன், 'கிராணி' என்ற சொல்லுக்காக. அப்பா நாகமுத்து ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், பிறகு லோரி ஓட்டியவர். தோட்டத்தில் கிராணி என்றால் விடியற்காலையில் பெயர் கூப்பிடுகிறவர், கையில் பேனா வைத்திருப்பவர். அதனால் எங்கள் தாமான் குடியிருப்பில் புதிதாக யாரைப் பார்த்தாலும் அப்பா என்னைக் காட்டி, "எம்மக. கிராணியா இருக்கு" என்பார். என் பெயரை இரண்டாவதாகத்தான் சொல்வார். நான் கட்டை முடியும் தொழிற்சாலைச் சட்டையுமாகக் குப்பை கொட்டப் போகும்போதும் அந்தச் சொல் எனக்கு முன்னால் நடந்து போகும். அதை அவர் வாயிலிருந்து நான் எப்படிப் பிடுங்குவது?

கைப்பேசியிலேயே வேலை தேடினேன். பதினொரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். ஒவ்வொன்றிலும் பெயர்தான் தகராறு. ஐசி என்கிற அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று நிற்கும், இன்னாரின் மகள் என்று சொல்ல. அந்தச் சாய்ந்த கோட்டைப் படிவம் ஏற்காது. சிவப்பு எழுத்தில் தவறு என்று சொல்லும். கடைசியில் மகள் என்பதையே எடுத்துவிட்டு, முதல் பெயர் ராகினி, குடும்பப் பெயர் நாகமுத்து என்று நிரப்பினேன். இரண்டாவது தொலைபேசி எண் கேட்ட இடத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டேன். தொழிற்சாலையில் வேலை நேரத்தில் எங்கள் கைப்பேசிகள் லாக்கரில் இருக்கும். அப்பாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. மாலையில் லாக்கரைத் திறந்தால் தெரியாத எண்கள் ஒன்றிரண்டு இருக்கும். ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து நான் அவற்றைத் தொடுவதில்லை. வாரங்கள் போகப் போக எனக்குள் ஒரு விநோதம் நடந்தது. நாற்பத்திரண்டு வயதில் யாருக்கும் நான் தேவையில்லை என்று வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்துக்கு அடியிலேயே, அப்பாடா, தேதி போட வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டில் எது நான் என்று தெரியவில்லை. நிம்மதியைக் கண்டுதான் எனக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது, வாசலில் அப்பாவின் கறுப்புச் சப்பாத்து பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அப்பா கண்ணாடி முன்னால் நின்று, தலைக்குச் சாயம் அடித்தால் நல்லா இருக்குமா என்று கேட்டார். அறுபத்தேழு வயதில் திடீரென்று என்ன என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சின்னப் பிள்ளையைப் போல முகமெல்லாம் மலர்ந்து, இண்டர்வியூ வந்திருக்கிறது என்றார்.

கண்ணுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரை நான் வேலைக்கு விடுவதில்லை. அவரோ எனக்குத் தெரியாமல், அடுத்த சந்து கந்தசாமி மாமா கொண்டுவரும் வேலை விண்ணப்பப் பாரங்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாம் கேட்டில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்கு. மூன்று இடங்களில் வயதைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"இவங்க அவங்களா போன் பண்ணாங்க. ஒரு மலாய்க்காரப் பிள்ள. நாகமுத்துவான்னு எம்பேரச் சொல்லிக் கேட்டுச்சு" என்றார் அப்பா. "ஆமா, நான்தான்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, சரி, புதன்கிழம பத்து மணிக்கு வாங்கன்னுச்சு. ஆயர் கெரோ பக்கம். ஸ்டோர் வேலைன்னுச்சு. ஸ்டோருன்னா ஜாகா வேணும்ல?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் முகத்திலிருந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு இவ்வளவு நடக்குமா என்று இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவருக்குச் சாயம் பூசிவிட்டேன். ஆறாம் வகுப்புச் சான்றிதழையும் லோரி லைசென்சையும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றேன்.

"நான் எங்க விட்டேன். அதுதான் என்னைய விட்டுச்சு" என்றார். "அறுபது ஆனதும் கேக்கு வெட்டி அனுப்பிட்டாங்க."

அப்படிச் சொல்லக்கூடாது, அனுபவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று திருத்தினேன். அதே கேள்விக்கு நானும் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். மதியம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் தொழிற்சாலைச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அப்பா, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதியிருந்த வழியைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, என் பழைய விவா காரை ஓட்டினேன். பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் பின்னால் திரும்பியதும் பெரிய கிடங்கும் அதன் நெற்றியில் நீல நிறப் பெயர்ப் பலகையும் தெரிந்தன. மருத்துவமனைகளுக்குக் கையுறையும் ஊசியும் மருந்தும் அனுப்பும் நிறுவனம். என் பதினொன்றில் ஏழாவது.

பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்தேன். பிறகு பக்கத்தில், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் ஏற்கெனவே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சான்றிதழ்க் கோப்பைத் தோளில் போட்ட துண்டைப் போல அணைத்துக்கொண்டு, நான் பார்த்தே இல்லாத நடையில் உள்ளே போனார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் சட்டையில் தேவிஸ்ரீ என்று எழுதியிருந்தது. அங்கிள் யாரைப் பார்க்க வேண்டும் என்று தமிழிலேயே கேட்டாள். அப்பா தன் பெயரைச் சொல்லி, பத்து மணி இண்டர்வியூ என்றார். அவள் தாளில் விரலை ஓட்டினாள்.

"நாகமுத்து இருக்கு அங்கிள். ஆனா ராகினி நாகமுத்துன்னுல போட்டிருக்கு. லேடி." அவள் என்னைப் பார்த்தாள். "அக்காவா?"

அப்பா திரும்பினார். அவருடைய தலை புதுக் கறுப்பில் மின்னியது. அந்தக் கறுப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கணத்தைத் தடுக்க எனக்கு எட்டு மாதம் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப அந்தப் பிள்ள கூப்பிட்டது ஒன்னையவா?" என்றார்.

"ஆமாப்பா."

"கிராணி வேலய விடப்போறியா?"

"ஆமாப்பா" என்றேன் மறுபடியும். குரல் மிகச் சிறிதாக வந்தது. ஆனால் அந்த 'ஆமா'வைச் சொன்னவுடன், வருத்தப்பட்டவளா நிம்மதிப்பட்டவளா, இரண்டில் எது நான் என்பது தெரிந்துவிட்டது.

அப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் தொழிற்சாலைச் சட்டையில் இருப்பதாகச் சொன்னேன். அதனால் என்ன, வேலை செய்கிற ஆள் என்று தெரியட்டும் என்றார். வெறுங்கையோடு போகாதே என்று அவருடைய கோப்பையும் என் கையில் திணித்தார்.

என்னை இண்டர்வியூ செய்த அதிகாரி புவான் நோர்லீசாவுக்கு, என் அம்மா இருந்திருந்தால் அவள் வயது இருக்கும். கோப்பைத் திறந்து நிதானமாகப் பார்த்தவர், உங்களுக்கு லோரியும் ஓட்டத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். பிறகு ஆறாம் வகுப்புச் சான்றிதழில் இருந்த பிறந்த வருடத்தைப் பார்த்து, வயதுக்கு ரொம்ப இளமையாக இருக்கிறீர்கள் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏ/பி-யை, லாக்கரை, சாயத்தை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். போன் செய்த பெண், ராகினியின் குரல் ஏன் இவ்வளவு கரகரப்பு என்று சந்தேகப்பட்டாளாம்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. ஏன் விடுகிறீர்கள்? புதிய சவால்களைத் தேடி என்று மனப்பாடம் செய்திருந்த மலாய் வாக்கியம் ஒன்று இருந்தது. அதைத் தேடினேன், கிடைக்கவில்லை. சாமியிடம் என் பெயரோடு திருகாணித் தட்டின் எண்ணைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. இங்கேயும் தட்டுகளுக்கு எண் உண்டு, பரவாயில்லையா என்று கேட்டார். வேறு எண்கள்தானே என்றேன்.

கிடங்கைச் சுற்றிக் காட்டினார். குளிர் அறையில் தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கரண்ட் போனால் இவை எத்தனை மணி நேரம் தாங்கும், காலாவதி நெருங்குவதை யார் கவனிப்பது, மருத்துவமனை திருப்பி அனுப்பியதை எங்கே வைப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். வேலையிடத்தில் கடைசியாக நான் எப்போது ஒரு கேள்வி கேட்டேன் என்று யோசித்தேன். மற்றவர்கள் கேட்க, நான் பதில் சொல்லித்தான் வருடங்கள் போயிருந்தன. குளிரில் கை விறைத்துப் போயிருந்தது. வெளியே வர மனமில்லை.

அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா கேட்டில் ஜாகாவோடு பேசிக்கொண்டிருந்தார். இங்கே இன்னொரு ஆள் எடுக்கிறார்களாம், ஆனால் இரவு வேலையாம்.

"வேணான்னுட்டேன்" என்றார் காரில் ஏறியதும். "ஏழு மணிக்கு நாடகம் இருக்குல்லா."

வழியில், லாச்சியில் துணிகளுக்கு அடியில் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க எல்லார்ட்டயும் எம்மக கிராணி, கிராணின்னு சொல்வீங்கப்பா."

"அது சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒனக்குப் பாரமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "கொஞ்சம்" என்றேன்.

"சரி. இனிமே எம்மகன்னு மட்டும் சொல்றேன்." விளக்கு பச்சையானது. "இந்த வேல கெடச்சா அதுக்கு என்ன பேருன்னு மட்டும் கேட்டு வச்சுக்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் தொழிற்சாலை ஜாகா ஸ்டோருக்கு ஓடிவந்தார். என் அப்பா கேட்டுக்குப் போன் செய்திருக்கிறார், அவசரமாம். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலேயே என் தோழி சுசீலாவும், அவள் பின்னால் திவாகரும் வந்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று திவாகர் ஓடிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ள மறுபடியும் போன் பண்ணுச்சு" என்றார் அப்பா, மூச்சு வாங்க. "நாகமுத்துவான்னுச்சு. நான் மொதல்லயே கேட்டுட்டேன், எந்த நாகமுத்து வேணும், அப்பனா மகளான்னு. மகதானாம். ஒன்னாந் தேதியிலருந்து வரணுமாம். நீ சாயந்தரம் வர்ற வரைக்கும் என்னால வச்சிருக்க முடியாதும்மா."

தொலைபேசியை வைத்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திவாகர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

"அப்பாவுக்கு என்னடி?" என்றாள் சுசீலா.

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல் நின்றேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்பாவுக்கு ஒன்னுமில்ல" என்றேன். "எனக்கு வேற வேல கெடச்சிருக்கு."

சுசீலா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். திவாகர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கடிதம் கொடுக்க வேண்டுமே அக்கா, டைப் பண்ணித் தரச் சொல்லவா என்று கேட்டார். தயாராக இருக்கிறது, தேதி மட்டும்தான் போட வேண்டும் என்றேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது லாச்சி திறந்து கிடந்தது. துணிகளுக்கு அடியில் கிடந்த கடிதம் சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது. காற்றில் பறந்துவிடாமல் அதன் மேல் அப்பாவின் பேனா இருந்தது.