மூன்றாம் பக்கத்துக் காக்கு

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு ஆனந்தவல்லி நிமிர்ந்தபோது, பூமாலையோடு உள்ளே வந்த கோர்படே சிரித்துவிட்டார். கீழ் வீட்டுக்காரர். சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாலும் தோள்கள் குலுங்கிக்கொண்டுதான் இருந்தன.

"மன்னிச்சுக்கோங்க வஹினி," என்றார் மராத்தியில், அண்ணி முறை வைத்து. "இந்த சிலிண்டரைப் பார்த்ததும் அவர் பேப்பர்ல போட்ட படம் ஞாபகம் வந்துடுச்சு."

ஐஸ் பாளங்கள் வைக்க இடம் வேண்டும் என்று சமையலறைச் சாமான்களை ஒதுக்கியவர்கள், காலி கேஸ் சிலிண்டரைக் கூடத்து மூலையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் அவளுக்கும் நினைவிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய அப்பாராவ் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். மனைவி காக்கு ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து, "ஓரமா நில்லுங்க, சிலிண்டர் முதல்ல உள்ளே வரட்டும்" என்கிறாள். சிலிண்டருக்குக் கழுத்தில் மாலை.

கோர்படே சொல்லக் கேட்டு வேறு இருவரும் சிரித்தார்கள். பிறகு மூவரும் ஐஸ் மேல் கிடத்தியிருந்த அவள் கணவர் சுந்தரராமனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சுந்தரராமன் பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாயவரத்துக்காரர். மராத்தியைத் தொழிலாளிகளிடமிருந்துதான் கற்றார். சாயங்காலம் காப்பி ஆனதும் சாப்பாட்டு மேஜையில் மைப்புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். மறுநாள் மராத்திப் பேப்பரின் மூன்றாம் பக்கத்தில், ஒரு பத்தி அகலத்தில், அப்பாராவும் காக்குவும் வருவார்கள். அப்பாராவ் யார் சாயலிலும் இல்லை. காக்கு, அதாவது சித்தி, அச்சு அசல் ஆனந்தவல்லி. அதே கொண்டை, அதே இழுத்துச் செருகிய புடவை, இடுப்பில் அதே கை.

முதலில் அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. காய்கறி மண்டியில் அவள் தலை தெரிந்ததும் "காக்கு வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார்கள். கொத்தமல்லிக்காரி ஒரு பிடி கூடவே போடுவாள்.

அந்தப் பெருமை தொண்ணூற்று நாலில் போயிற்று. கும்பகோணத்தில் அவள் அம்மா போய்விட்டாள் என்று தந்தி வந்தது. புனே ஸ்டேஷனுக்கு ஓடியும் வண்டி கிடைக்கவில்லை. பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க, அவள் வாய்விட்டு அழுதாள். சுந்தரராமன் அவள் தோளில் கை வைத்தபடி நின்றிருந்தார். அந்தக் கையை அவள் நம்பினாள்.

அந்தக் கோடையில் பிம்ப்ரியில் குழாய்த் தண்ணீருக்குப் பஞ்சம். ஊரிலிருந்து திரும்பிய சில நாளில், கொத்தமல்லிக்காரி பேப்பரை நீட்டிச் சிரிக்கச் சிரிக்கப் படித்துக்காட்டினாள். காக்கு பெட்டிமேல் உட்கார்ந்து அழுகிறாள். அவள் எதிரே வாளியும் குடமுமாக நீண்ட வரிசை. அப்பாராவ் வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்: "தள்ளாதீங்க, எல்லாருக்கும் வரும்."

வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "எங்கம்மா போனதுக்கு அழுதேன். அதுதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"அது நீன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவர் மைப்புட்டியை மூடினார். மறுநாள் மறுபடி திறந்தார். அன்று பஸ் நெரிசலைப் பற்றிப் படம்.

அதற்குப் பிறகு ஆனந்தவல்லி அவர் முன்னால் அழவில்லை. மகள் வைஜயந்தியைக் கல்யாணம் பண்ணி அனுப்பியபோதுகூட. பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து மராத்தி எழுத்தும் படித்துக்கொண்டாள். இன்றைக்குப் பேப்பரில் தன்னை என்ன செய்திருக்கிறார் என்று காலையில் யாரும் சொல்லித் தெரியக்கூடாது.

"மன்னி, அழுதுடுங்கோ," என்றாள் லலிதா. சுந்தரராமனின் தங்கை, கட்கியிலிருந்து விடிந்ததும் வந்தவள். அழுது அழுது அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. "உள்ளேயே வெச்சுக்காதேங்கோ. உடம்புக்கு ஆகாது."

ஆனந்தவல்லி அவர் காலடியில் உட்கார்ந்து பார்த்தாள். எதிரே யாரோ பேனாவும் கையுமாக அவள் முகத்தைக் கவனித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

"கல்லு மாதிரி நிக்கறா," என்று லலிதா யாரிடமோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. ஆஸ்பத்திரியின் அந்த மத்தியானம். நெஞ்சுவலி என்று சேர்த்த நாளிலிருந்து ராத்திரியெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "சித்த சாய்ஞ்சுக்கோ, நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்," என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். நர்ஸ் போட்ட சத்தத்தில் விழித்தபோது முழுக் கட்டிலிலும் அவள் படுத்திருந்தாள். அவர் ஜன்னலோரத்தில், சலைன் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன கூத்து இது? எழுப்பப்படாதா?" என்று அவளும் கத்தினாள்.

"தூங்கிண்டிருந்தே," என்றார்.

மறுநாள் மூச்சுத் திணறல் வந்தது. தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். இன்று விடியலில் முடிந்துவிட்டது. அப்படி நின்றதால்தானா என்று எந்த டாக்டரையும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே. மகன் ஜெயந்திடமும் சொல்லவில்லை.

வைஜயந்தி சென்னையிலிருந்து மதிய விமானத்தில் வந்தால்தான் எடுக்க முடியும். ஜெயந்த் வாசலில் செல்போனும் கையுமாக நின்றிருந்தான். வாகடில் குடியிருக்கிறான், ஹிஞ்சேவாடியில் வேலை. பத்திரிகை அலுவலகத்திலிருந்து பொங்க்ஷே வந்ததும் அவன்தான் அழைத்து வந்தான். மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சுந்தரராமனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பழுப்பு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஐசியூவுக்குப் போறதுக்கு முதல் நாள் சாயங்காலம் என்னை வரச்சொல்லிக் கொடுத்தார். நாளைக்கு இதையே போடலாம்னு ஆசிரியர் சொல்றார். ஆனா வீட்ல கேக்காம போடக்கூடாது."

ஜெயந்த் வாங்கிப் பார்த்தான். அன்று முதல் தடவையாக, தன்னையறியாமல், வெடித்துச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, இது ஆஸ்பத்திரியில நடந்துதா?"

அவள் வாங்கிக்கொண்டாள். கட்டிலில் காக்கு படுத்திருக்கிறாள். ஊசியோடு நர்ஸ். பக்கத்தில் பாட்டிலைத் தலைக்குமேல் பிடித்தபடி அப்பாராவ், உதட்டில் விரல் வைத்துச் சொல்கிறார்: "மெதுவா வாங்க. பேஷண்ட் இப்பதான் கண்ணசந்தாங்க."

கோடுகள் நடுங்கியிருந்தன. அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வரலாம் என்று அவள் வீட்டுக்குப் போன நேரத்தில் வரைந்திருக்க வேண்டும்.

"நிஜமாவே அப்படி நின்னாரா?" என்றான் ஜெயந்த்.

"ஆமாம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. நான் தூங்கிட்டேன்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லை."

அவன் அம்மாவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லலிதா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மன்னியின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். ஐஸ் உருகிய தண்ணீரைக் கோர்படே சாக்கால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"இது வேண்டாம்," என்றான் ஜெயந்த் பொங்க்ஷேயிடம். அம்மாவைக் காப்பாற்றச் சொன்னானா, பார்க்கப் பிடிக்காமல் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொங்க்ஷே தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். ஆனந்தவல்லி தாளை விடவில்லை. இத்தனை வருஷத்தில் காக்கு தூங்கி அவள் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கொண்டை அவிழ்ந்து தலையணையில் கிடந்தது. பாதத்து வெடிப்பு தெரியக் கூடாதென்று இழுத்துவிட்ட மாதிரி கால்வரை போர்வை. விழித்தபோது அவள் மேல் போர்வை இருந்தது உண்மை. நர்ஸ் போட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

"போடுங்கோ," என்றாள் மராத்தியில்.

"அம்மா, எல்லாரும் பார்ப்பா. ஆளுக்கு ஒண்ணு பேசுவா."

"எத்தனையோ பார்த்திருக்கா. இதையும் பார்க்கட்டும்."

கீழே டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "பொண்ணு வந்தாச்சா? நாழியாறது," என்று சடங்கு செய்ய வந்திருந்த வாத்தியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

ஆனந்தவல்லி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பேனா இருக்கா?"

பொங்க்ஷே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"மூக்குத்தியை விட்டுட்டார்," என்றாள்.

சுவரில் தாளை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற காக்குவின் மூக்கில் ஒரு புள்ளி வைத்தாள். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்ணை எதிர்கொள்ள வாசலுக்குப் போனாள்.

பொங்க்ஷே தாளை உறையில் போடவில்லை. ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி, மை காயட்டும் என்று இரண்டு கையாலும் அதை ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.