ப்ரூயிட்டுக்குப் போன பந்து

வறுத்த கெளுத்தி மீனை மேசையில் வைத்துவிட்டு வெர்னா குட்லோ உட்காருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டிருந்தது. சண்டைக்காரர்களில் ஒருவன் அவள் தம்பி க்ளீயோட்டஸ். மற்றவர் அவள் மகன் ட்ரமேன் ஆடும் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கோச் வோஸ். ட்ரமேன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்களோ அவர் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் டிராஃப்ட். தொழில்முறை அணிகள் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் நாள். ட்ரமேன் அதற்குப் பெயர் கொடுத்திருந்தான். இன்றைக்குள் பெயரைத் திரும்ப வாங்கினால் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் ஆடலாம். வாங்காமல் விட்டு, எந்த அணியும் அவனை எடுக்காமல் போனால், அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அவர்கள் ஊரான ஆண்டர்சனில் அப்படி அந்தரத்தில் நின்றவர்கள் நாலைந்து பேரை வெர்னாவுக்குத் தெரியும். ஒருவன் அவளைப் போலவே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். அந்த நெட்டைக் கால்களை மடக்கி அவன் இருக்கையில் உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ட்ரமேன் ஞாபகம்தான் வரும்.

சண்டை ஒரே ஒரு பந்தைப் பற்றியது. மார்ச் மாத அரையிறுதியில் ஆட்டம் சமநிலையில் இருக்க, கடைசி நொடிகளில் பந்து ட்ரமேன் கையில் இருந்தது. அவன் கூடைக்குப் போகவில்லை. மூலையில் நின்ற சக ஆட்டக்காரன் ப்ரூயிட்டுக்குத் தள்ளிவிட்டான். ப்ரூயிட் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

"தப்பா நினைக்காதீங்க, மிஸஸ் குட்லோ," என்றார் கோச். "அது பயம். முன்னாடி ஒரு லாரியே போற அளவுக்கு வழி தொறந்து கெடக்கு. இவன் கையச் சுட்ட மாதிரி பந்தைக் கழட்டி விட்டுட்டான். பெரிய அணிக்காரங்க அந்த ஒண்ணத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறாங்க. ஆழம் தெரியாம கால விடவேண்டாம். ஒரு வருஷம் குடுங்க, நான் சரி பண்ணிடறேன்."

"பயமாவது மண்ணாவது," என்றான் க்ளீயோட்டஸ். "ரெண்டு பேர் அவன் மேல பாய வராங்க. ப்ரூயிட் தனியா நிக்கறான். ஆட்டம் தெரிஞ்சவன் பாஸ்தான் குடுப்பான். அதுக்குப் பேரு மூளை, கோச். பெரிய அணியில அதுக்குத்தான் மதிப்பு."

"ரெண்டு பேரா? ஒருத்தன்தானப்பா வந்தான்."

"நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க. நான் டிவில நிதானமாப் பாத்தேன்."

வெர்னாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். நிதானமாகப் பார்த்த இந்தத் தம்பிதான் அன்றைக்கு இதே வீட்டில் செருப்பைக் கழற்றி டிவிமேல் வீசி, கோழைப்பயல், கூடையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று திட்டினான். இந்தக் கோச்தான் நிருபர்கள் முன்னால், அது சரியான பாஸ், இன்னொரு தடவை வந்தாலும் அதையே கொடுக்கச் சொல்வேன் என்றார். இன்றைக்குத் தம்பி கோச்சின் வசனத்தைப் பேசுகிறான், கோச் தம்பியின் வசனத்தை. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும்.

ஏன் புரள்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ட்ரமேன் போய்விட்டால் அடுத்த வருடம் கோச்சின் வேலை நிலைக்காது என்று ஊரே பேசுகிறது. தம்பியோ ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் பேசிக் கமிஷன் வாங்கும் ஓர் ஏஜென்டோடு ஊர் சுற்றி, அவன் வாங்கித் தரும் விருந்தில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய் இரண்டு.

"கோச், அன்னிக்கு சரியான பாஸ்னீங்களே," என்றாள்.

அவர் காது சிவந்தது. "பிள்ளையக் காப்பாத்தணுமேன்னு சொன்னேன்மா."

"இன்னிக்கு யாரக் காப்பாத்தறீங்க?"

கோச் கோஸ் சாலட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். க்ளீயோட்டஸ் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"நீ சிரிக்காதடா. உன் செருப்பு கீறின கோடு இன்னும் டிவில அப்படியே இருக்கு."

அவன் சிரிப்பு அடங்கியது. ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, ஆடியவன் மட்டும் பேசவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ சொல்லு ட்ரமேன். ஏன் குடுத்த?"

"ப்ரூயிட் தனியா நின்னான்மா."

"அத மாமாதான் சொல்லிட்டாரே. நீ சொல்லு."

ட்ரமேன் தட்டைப் பார்த்தான். அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மேசைக்கடியில் அவன் கால் ஆடிக்கொண்டே இருந்ததில் கண்ணாடித் தம்ளர்களில் டீ நடுங்கியது.

"பந்து என் கையில இருந்தா, உள்ள போனாலும் போகாட்டாலும் அது என் தலையில தானம்மா. கைய விட்டுப் போனதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "ப்ரூயிட் போட்டானா இல்லையான்னுகூட நான் பாக்கல."

கோச் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தான் ஒரு வருடத்தில் சரி பண்ணுவதாகச் சொன்னது இதை அல்ல என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சரி, இப்ப என்ன பண்ணப் போற?" வெர்னா குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "போறியா, இருக்கியா?"

"நீயே சொல்லும்மா."

எந்த ஷூ வாங்குவது, எந்தக் கல்லூரியில் சேருவது, அப்பாவின் சாவுக்குப் போவதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் அவன் சொன்ன பதில் இதுதான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று சர்ச்சில் பெண்கள் வியக்கும்போது அவளுக்குத் தலைகால் புரியாது. தானும் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். இன்றைக்கு அதே சொல் அவளைத் திடுக்கிட வைத்தது.

முடியாது, இதை நீதான் சொல்லவேண்டும் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் வெளுத்துப் போயிருந்தது, உதடு உலர்ந்திருந்தது. அந்த முகத்தை அப்படியே விட்டுவைக்க அவளுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

"இரு," என்றாள். "இன்னும் ஒரு வருஷம் இரு."

கோச்சிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. க்ளீயோட்டஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துபோனான். அவள் இருவரையும் பார்க்கவில்லை. மகனின் தோள்கள் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தாள். அவன் கால் ஆட்டம் நின்றது. இவ்வளவு நிம்மதியை அவன் முகத்தில் அவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

ஆறிப்போன மீனை அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்று தட்டை நீட்டினான்.

வெர்னா ஒரு துண்டை எடுத்து, பிளந்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவினாள். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று பாதியில் புரிந்தது. மிச்ச முள்ளையும் எடுத்துவிட்டுத்தான் அவன் தட்டில் வைத்தாள்.